உரியவரிடம் மட்டும்

தமிழ்நாட்டில் எனக்குத் தெரிந்தே நான்கு பிரம்மதேசங்கள். எங்களுடையது விழுப்புரத்துக்கு வடக்கே, எண்ணாயிரம், எசாலம் ஊர்களை ஒட்டியது. இன்னொன்று திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் நடுவில். மூன்றாவது செய்யாறு பக்கம். நான்காவது தெற்கே, அம்பாசமுத்திரத்துக்கு அருகில். பிரமதேயமாக ஊர்களைத் தானம் கொடுத்த ராஜாக்கள், ஆயிரம் வருஷம் கழித்துத் தபால் இலாகா என்று ஒன்று வரும், ஒரே பேரில் நாலு ஊர் இருந்தால் கடிதாசு திண்டாடும் என்று யோசித்திருக்க வழியில்லை. அந்தத் திண்டாட்டத்தைத் தீர்ப்பது அப்பாவின் வேலைகளில் ஒன்று. அவர் எங்கள் ஊர்க் கிளை அஞ்சலகத்தின் போஸ்ட் மாஸ்டர். ஆபீஸ் என்பது எங்கள் வீட்டுத் திண்ணையும், அதை ஒட்டிய ஒரு சின்ன அறையும்.

*

திண்டிவனத்துப் பிரம்மதேசத்துக்குப் போக வேண்டியது எங்கள் பையில் வரும். 1993-ல் விழுப்புரம் மாவட்டம் பிரிகிற வரைக்கும் இரண்டுமே தென்னாற்காடு. முகவரியில் தாலுகா இல்லையென்றால் தபால் பிரிக்கிறவர் என்ன செய்வார்? 1972 ஆகஸ்ட் 15-ல் பின்கோடு வந்தது. விழுப்புரம் 605 602, திண்டிவனம் 604 001, அம்பாசமுத்திரம் 627 401. முதல் மூன்று எண்ணிலேயே திசை தெரிந்துவிடும். ஆனால் செய்யாறும் 604-தான் (604 407). அதனால் திண்டிவனமா செய்யாறா என்ற குழப்பம் வந்தால் மிச்ச எண்களையும் பார்க்க வேண்டும். நாங்கள் வாய்ப்பாடு படிப்பதற்கு முன்னால் இந்த எண்களைப் படித்துவிட்டோம்.

தவறி வந்த கடிதத்தின் மேல் சிவப்பு மையில் குறிப்பு எழுதி, தேதி முத்திரை குத்தி, அன்று மாலைப் பையிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். பை கட்டின பிறகு கண்ணில் பட்டால் சைக்கிளை எடுத்துக்கொண்டு கணக்கு அஞ்சலகத்துக்கே போய்விடுவார். "அடுத்தவங்க சேதி நம்ம ஊட்ல ராத்தங்கக் கூடாது" என்பார். அம்மாவுக்கு இது புரியவே இல்லை. நாளைக்குப் போனால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பாள். குடி முழுகுகிற சேதியாகவும் இருக்கலாம் என்பது அப்பாவின் கட்சி. பிரித்துப் பார்க்காமல் தெரியாது, பிரித்துப் பார்க்க நமக்கு உரிமை இல்லை, ஆகவே எல்லாவற்றையும் அவசரம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

*

போஸ்ட் கார்டை எழுத்துப் பக்கம் கீழே இருக்கும்படி நீட்டுவார். கார்டு என்பதே திறந்து கிடக்கிற கடிதம். எண்ணூறு கை மாறி வந்திருக்கும். ஆனாலும் அவர் கையில் இருக்கும்போது அது கவிழ்ந்துதான் இருக்கும்.

மூலையில் மஞ்சள் தடவியிருந்தால் கல்யாணம், சீமந்தம். கறுப்பு மை தடவியிருந்தால் சாவு. இது மட்டும் படிக்காமலே எல்லோருக்கும் தெரியும். கறுப்பு மூலை வந்த அன்று மற்ற தபாலை அப்படியே வைத்துவிட்டு அதைத்தான் முதலில் எடுத்துக்கொண்டு போவார். தெருவில் போகும்போது அந்த மூலையைக் கட்டைவிரலால் மறைத்துப் பிடித்துக்கொண்டு போவார். உரியவர் வீட்டுக்கு முன்னால் பக்கத்து வீடு அழக் கூடாது.

*

முதியோர் ஓய்வூதியம் 1962-ல் 20 ரூபாயில் ஆரம்பித்தது. பல பத்தாண்டுகள் அது மணியார்டரில்தான் வந்தது. மாதத்தில் அந்த ஒரு நாள் எங்கள் திண்ணை கிழவிகளால் நிரம்பும். பாதிப் பேருக்குக் கையெழுத்து வராது. இடது கைப் பெருவிரல் ரேகைதான். ரேகைக்குச் சாட்சி வேண்டும். சாட்சி அந்தக் கிழவியின் ஆளாக இருக்க வேண்டும், தன்னுடைய ஆளாக இருக்கக் கூடாது என்பது அப்பா தனக்குத் தானே போட்டுக்கொண்ட விதி. நோட்டை அவர்கள் கையில் கொடுத்து, அவர்களையே எண்ணச் சொல்லி, எண்ணத் தெரியாதவர்களுக்குச் சாட்சியை விட்டு எண்ணச் சொல்லி, பிறகுதான் மை டப்பியைத் திறப்பார். வரிசை நகரவே நகராது. வெயில் ஏறும். கிழவிகளே திட்டுவார்கள்.

கொடுத்த பணத்திலிருந்து தபால்காரருக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் நீட்டுவது அப்போது பல ஊர்களில் வழக்கம். அப்பா வாங்க மாட்டார். இதை அவர் செய்த விதம் எனக்கு அந்த வயதிலேயே கொஞ்சம் உறுத்தியது. சிரித்துக்கொண்டே வேண்டாம் ஆயா என்று சொல்லியிருக்கலாம். கையை வெடுக்கென்று பின்னால் இழுத்துக்கொள்வார். கொடுக்க வந்தவளின் முகம் சுண்டிவிடும். பிரியத்துக்குக் கொடுப்பதும் வழக்கத்துக்குக் கொடுப்பதும் ஒன்றில்லை என்பதைப் பார்க்க அவருக்குப் பொறுமை இருந்ததில்லை. நேர்மையில் ஒரு கர்வம் சேர்ந்துவிடும். அவருக்கும் சேர்ந்திருந்தது.

மல்லாட்டை பிடுங்குகிற காலத்தில் மட்டும் சிலர் அவருக்குத் தெரியாமல் கொல்லைப்புறமாக வந்து அம்மாவின் முறத்தில் ரெண்டு படி கொட்டிவிட்டுப் போவார்கள். வேகவைத்த மல்லாட்டையைத் தின்றுகொண்டே "நம்ம காட்டுதா?" என்பார். "பின்ன?" என்பாள் அம்மா.

*

கிளை அஞ்சலகப் போஸ்ட் மாஸ்டர் முழு அரசு ஊழியர் இல்லை. இலாகா பாஷையில் 'இ.டி.', அதாவது இலாகாவுக்குப் புறம்பானவர். பிற்பாடு அதை கிராமின் டாக் சேவக் என்று மாற்றினார்கள். சம்பளத்துக்குப் பதில் படி; வேலை ஐந்து மணி நேரத்துக்குள்; பிழைப்புக்கு வேறு வருமானம் இருக்க வேண்டும் என்பது விதியிலேயே உண்டு. இவர்கள் வகிப்பதும் சிவில் பதவிதான் என்று உச்ச நீதிமன்றம் 1977-ல் சொன்னது. இலாகா ஊழியருக்குள்ள ஓய்வூதியம் மட்டும் கிடையாது. ஊருக்கெல்லாம் பென்ஷன் பட்டுவாடா செய்தவர் 65 வயதில் முத்திரையை ஒப்படைத்துவிட்டுக் காட்டுக்குப் போனார். காடு என்றால் ஒன்றரை ஏக்கர் மானாவாரி.

*

படிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் படித்துக் காட்டுவதும் அவர்தான். திண்ணையில் படிக்க மாட்டார். வீட்டுக்குப் பின்னால் புங்கமரத்தடிக்கு அழைத்துப் போவார். நாங்கள் அந்தப் பக்கம் போகக் கூடாது. படிக்கும்போது ஒரு வார்த்தை கூட்டமாட்டார், குறைக்கமாட்டார். மகன் திட்டி எழுதியிருந்தால் திட்டையும் அப்படியே படிப்பார். "கொஞ்சம் பதமா சொல்லக் கூடாதா?" என்று ஒருமுறை அம்மா கேட்டதற்கு, "அது என் கடுதாசியா?" என்றார்.

பதில் எழுதுவதிலும் அப்படித்தான். முழங்கால் வீங்கி நடக்க முடியாத கிழவி, "நான் சௌக்கியமா இருக்கேன்னு எழுதுங்கய்யா" என்றால், சௌக்கியமாக இருக்கிறேன் என்றுதான் எழுதுவார். பொய் என்று தெரியும். பொய் சொல்கிற உரிமையும் கடிதம் எழுதுகிறவளுக்கு உண்டு என்று நினைத்தார் போலிருக்கிறது. எல்லாவற்றுக்கும் உண்மை உண்மை என்று நிற்கிற ஆளில்லை அவர். அவருடைய ஒழுக்கம் வேறு இடத்தில் இருந்தது.

குவைத்திலிருந்து இன்னார் வீட்டுக்கு என்ன வந்தது, எவ்வளவு வந்தது, யார் பேரில் வந்தது என்று டீக்கடையில் கேட்பார்கள். எல்லாக் கேள்விக்கும் ஒரே பதில்: "வந்துது, குடுத்துட்டேன்."

*

எண்ணாயிரம் எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே அழகிய நரசிம்மப் பெருமாள் கோயிலில் ராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, ஒரு கல்லூரியின் வரவு செலவைச் சொல்கிறது. 340 மாணவர்கள். அதில் இளையவர் 270, மூத்தவர் 70. ஆசிரியர்கள் 14 பேர். ரிக் படிக்க 75 பேர், யஜுர் படிக்க 75 பேர் என்று ஒவ்வொரு பாடத்துக்கும் ஆள்கணக்கு. இளைய மாணவனுக்கு நாளைக்கு 6 நாழி நெல், மூத்தவனுக்கு 1 குருணி 2 நாழி. இதற்கெல்லாம் 45 வேலி நிலம், அதாவது முந்நூறு ஏக்கர் போல.

கல்வெட்டுப் படி எடுக்க வந்த ஒருவர் இதை அப்பாவுக்குச் சொன்னார். அப்பா அதில் மயங்கிப்போனார். சோழர் வீரம், கங்கை கொண்டது, கடாரம் கொண்டது எதுவும் அவருக்குப் பொருட்டில்லை. நாழிக் கணக்கைக் கல்லில் வெட்டி வைத்தார்களே, யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாமே, அதுதான். யாராவது வெளியூர்க்காரர் வந்தால் அங்கே கூட்டிக்கொண்டு போய் அந்தச் சுவரைக் காட்டுவார். எங்கள் ஊரிலேயே பாதாளீசுவரர் கோயிலும் பிரம்மபுரீசுவரர் கோயிலும் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் நிற்கின்றன. அவற்றை அவ்வளவாகக் காட்டமாட்டார்.

அந்த நெல்லை விளைவித்த வீடுகளின் பிள்ளைகளுக்கு அந்தக் கல்லூரியில் இடம் இல்லை. எங்கள் பாட்டன் பூட்டன் யாரும் அங்கே உள்ளே போயிருக்க முடியாது. இதை நான் கல்லூரியில் படித்துவிட்டு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "கணக்கைத் தொறந்து வெச்சதாலதான இன்னிக்கு நீ கேக்குற?" என்றார். 

அப்போதுதான் எனக்கு அவர் கொஞ்சம் பிடிபட்டார். பணத்தின் கணக்கு ஊருக்கே தெரிய வேண்டும். மனிதரின் சேதி உரியவருக்கு மட்டும் தெரிய வேண்டும். இந்த இரண்டையும் மாற்றிப் போட்டால் ஊர் கெடும். அவர் இப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை. நான் சேர்த்து எழுதுகிறேன். இன்றைக்கு இரண்டும் மாறித்தான் கிடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பஞ்சாயத்து வரவு செலவைக் கேட்டால் மழுப்புகிறார்கள். அடுத்த வீட்டுப் பெண்ணின் போட்டோ எல்லார் போனிலும் இருக்கிறது.

*

அப்பா எந்தத் தலைவரையும் புகழ்ந்து நான் கேட்டதில்லை, ஓமந்தூராரைத் தவிர. திண்டிவனம் பக்கத்து ஓமந்தூரில் 1895-ல் பிறந்தவர். 1947 மார்ச்சிலிருந்து 1949 ஏப்ரல் வரை சென்னை மாகாணத்தின் பிரதமர். முதலமைச்சரை அப்போது அப்படித்தான் சொன்னார்கள். அந்த இரண்டு வருஷத்தில் ஆலய நுழைவுச் சட்டம், தேவதாசி முறை ஒழிப்பு, ஜமீன் ஒழிப்பு எல்லாம் வந்தன. பாரதியின் எழுத்துகள் நாட்டுடைமையாயின. சிபாரிசோடு வந்த கட்சிக்காரர்களை வாசலோடு அனுப்பியதில் பதவியும் போனது. பிறகு வடலூருக்குப் போய் வள்ளலார் வழியில் இருந்தார். 1970-ல் காலமானார்.

அப்பாவுக்குச் சட்டங்களைவிட வடலூர்தான் பிடித்தது. "எறங்கினாரு, அவரு பாட்டுக்குப் போயி அவரு வேலையப் பாத்தாரு" என்பார். முத்திரையை ஒப்படைத்த அன்று அப்பாவும் அப்படித்தான் செய்தார். பிரிவு உபசாரத்துக்கு மாலை வாங்கி வைத்திருந்தவர்கள், காட்டில் போய்த் தேடிப் பிடித்துப் போட்டுவிட்டு வந்தார்கள்.

*

இதை எழுதலாமா என்று யோசித்தேன். அம்மாவிடம் கேட்டேன். "எழுது, எனக்கென்ன" என்றாள்.

அம்மாவின் அண்ணன் பம்பாயில் மில்லில் வேலை பார்த்தார். தாத்தா எங்கள் ஊரிலேயே கீழத்தெருவில் இருந்தார். அவருக்கு எழுத்து வராது. மாமாவுக்கு நுரையீரலில் நோய் முற்றி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று தாத்தா பேருக்குக் கடிதம் வந்தது. அப்பாதான் புங்கமரத்தடியில் படித்தார். தாத்தா, பெண்ணுக்குச் சொல்ல வேண்டாம், வயிற்றுப் பிள்ளைக்காரி என்றார். வயிற்றில் இருந்தது என் தம்பி. அப்பா சொல்லவில்லை. அதற்குப் பிறகும் இரண்டு கடிதங்கள் வந்தன. கடைசியில் கறுப்பு மூலை கார்டு வந்தது.

அம்மா அழுது முடித்த பிறகு கேட்டாளாம்: எனக்கு முன்னாலேயே உங்களுக்குத் தெரியுமா? தெரியும் என்றாராம். ஒரே வீட்டில், ஒரே பாயில் படுத்துக்கொண்டு, தன் கூடப் பிறந்தவன் சாகிறான் என்று தெரிந்த ஒருவர் தன் பக்கத்தில் இருந்தார் என்பதை அம்மா மன்னிக்கவே இல்லை. போய்ப் பார்த்திருப்பேன் என்கிறாள் இன்றைக்கும். கர்ப்பத்தோடு பம்பாய்க்கு எப்படிப் போயிருப்பாய் என்று தம்பி கேட்டான். "போவ முடியலன்னு அழுதிருப்பேன்டா. அதுக்காவது உட்டாரா?" என்றாள்.

இதில் அப்பா செய்தது சரியா? தாத்தாவின் கடிதம், தாத்தாவின் முடிவு என்று அவர் நின்றார். கிழவியின் பொய்யை எழுதிக் கொடுத்த அதே நியாயம்தான் இதுவும். வெளியில் நின்று பார்க்கும்போது அழகாக இருக்கிற கொள்கை, வீட்டுக்குள் வரும்போது யாராவது ஒருவர் தலையில்தான் விடிகிறது. எங்கள் வீட்டில் அம்மா தலையில் விடிந்தது. நான் அம்மா பக்கம்.

*

1987-ல் எசாலம் கோயில் திருப்பணியின்போது மண்ணுக்குள்ளிருந்து செப்புத் திருமேனிகளும் ராஜேந்திர சோழனின் செப்பேடுகளும் கிடைத்தன. அந்தக் கோயிலைக் கட்டியவர் ராஜேந்திரனின் குரு சர்வசிவ பண்டிதர். சுற்றுவட்டாரமே திரண்டுபோய்ப் பார்த்தது. நானும் அப்பாவின் சைக்கிள் பின்சீட்டில் போனேன். எல்லாரும் சிலைகளின் அழகைப் பேசினார்கள். அப்பா புதைத்தவரைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தார். எந்தப் படைக்குப் பயந்தோ ராத்திரியோடு ராத்திரியாகக் குழி வெட்டிப் புதைத்திருப்பார். பெண்டாட்டி பிள்ளையிடம்கூடச் சொல்லியிருக்க மாட்டார். சொல்லியிருந்தால் எப்போதோ உருக்கி விற்றிருப்பார்கள் என்றார். அம்மா விஷயம் அப்போது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சைக்கிளிலிருந்தே ஒரு கேள்வி கேட்டிருப்பேன்.

*

அப்பாவின் கருமாதிக்கு எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். வந்தவர்கள் உட்கார்ந்து, "உங்கப்பா ஒரு தடவ..." என்று ஆரம்பிப்பார்கள். பிறகு நிறுத்திவிடுவார்கள். மேலே சொன்னால் தங்கள் கதை வெளியே வந்துவிடும். வெற்றிலை எடுத்து மடித்துக்கொண்டு, "நல்ல மனுசன்" என்று முடித்துக்கொள்வார்கள். மற்ற சாவு வீடுகளில் செத்தவரைப் பற்றி விடிய விடியக் கதை நடக்கும். எங்கள் வீட்டில் கதை எல்லாம் பாதியில் நின்றது. ஒரு கிழவி மட்டும் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஊர் மானத்தையெல்லாம் வயித்துல வெச்சிக்கினு போயிட்டாரும்மா" என்றாள். யார் மானம், என்ன மானம் என்று அவளும் சொல்லவில்லை.

இப்போது அந்த ஆபீசுக்கு வந்திருக்கிற பெண்ணுக்கு வெளியூர். பத்தாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்து ஆன்லைனில் எடுக்கிறார்கள். கையில் சின்ன மிஷின். வேகமாக வேலை செய்கிறாள். 1898-ன் அஞ்சலகச் சட்டமும் போய், 2023-ல் புதுச் சட்டம் வந்துவிட்டது. கடிதம் என்று எழுதுகிற ஆள்தான் இல்லை. வருவது எல்லாம் பாங்க் நோட்டீஸ், ஆதார் கார்டு.

*

பொன்னியின் செல்வன் படம் வந்த பிறகு எங்கள் ஊருக்குச் சிலர் காரில் வந்து, ராஜேந்திர சோழன் சமாதி எங்கே என்று கேட்டார்கள். அது செய்யாறு பிரம்மதேசம் என்று வழி சொல்லி அனுப்பினோம். கடிதங்கள் தவறி வந்ததுபோய் இப்போது ஆட்களே தவறி வருகிறார்கள்.

அப்பா போன பிறகு நானும் அங்கே போனேன். சந்திரமௌலீசுவரர் கோயில். அங்கே 1044-ஐச் சேர்ந்த ஒரு கல்வெட்டு உண்டு. ராஜேந்திரன் இறந்தபோது அவனோடு தேவி வீரமாதேவியும் உயிர் விட்டாள். அவள் உடன்பிறந்தான் மதுராந்தகன் பரகேசரி வேளான் அவள் தாகம் தணிய அங்கே தண்ணீர் வார்க்க ஏற்பாடு செய்து நிலம் கொடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. கங்கைநீரை எல்லாம் கொண்டுவந்து சேர்த்தவன் போன இடத்தில், ஒருவன் தன் கூடப் பிறந்தவளுக்காகக் குடிதண்ணீர் வைத்திருக்கிறான். அம்மாவிடம் வந்து இதைச் சொன்னேன். அண்ணன் தங்கை கதை என்பதால் கண்கலங்கிக் கேட்டாள்.

*

முதல் தெவசத்துக்கு என்ன செய்வது என்ற பேச்சு வந்தபோது தண்ணீர்ப் பந்தல் என்று முடிவானது. சித்திரை, வைகாசி இரண்டு மாதமும் பஸ் ஸ்டாப் பக்கத்தில் கீற்றுப் பந்தல், நாலு பானை, மத்தியானம் நீர்மோர். பானைக்கு ஆள் தம்பி பார்த்துவிட்டான்.

போர்டு வைப்பதா வேண்டாமா என்பதில்தான் தகராறு. அப்பாவுக்குப் பிடிக்காது, பேரே போட வேண்டாம் என்றேன் நான். சின்னதாகப் போடலாம் என்றான் தம்பி. அம்மா அரிசி புடைத்துக்கொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவரும் வாயத் தொறக்கல, அவர்கிட்ட சொன்னவங்களும் வாயத் தொறக்கல. நானும் மூடிக்கினே கெடக்கணுமா? பேரு போடு. போட்டோ போடு. போஸ்ட் மாஸ்டருன்னு போடு."

'நேர்மையின் சிகரம்' என்று கீழே ஒரு வரி போடலாம் என்று பிளெக்ஸ் கடைக்காரர் போனில் சொன்னார். அதெல்லாம் வேண்டாம், இத்தனை வருஷம் போஸ்ட் மாஸ்டராக இருந்தார் என்று மட்டும் போடச் சொல் என்றாள் அம்மா. எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் வரைக்கும் என்பதில் எனக்கும் தம்பிக்கும் சந்தேகம். அம்மா யோசிக்காமல் சொன்னாள்.

ஆறுக்கு நாலு போதும் என்றான் தம்பி. எட்டுக்கு ஆறு என்றாள் அம்மா.